என் அப்பாவின் பெயரை மைக்கில் சொன்ன பிள்ளை

1

"அங்கெல்லாம் திதி கொடுக்க ஐயர் கிடைப்பாரா?" ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கிடைப்பார் சாமி. வாழை இலை கிடைக்கும், எள்ளு கிடைக்கும், அகத்திக்கீரை கிடைக்கும். காக்கைக்கும் பஞ்சமில்லை. கிள்ளான் காக்கைகள் நம்மூர்க் காக்கைகளைவிட நன்றாகவே கொழுத்திருக்கின்றன. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போனவரை நேரில் பார்த்த இன்னொரு ஆள்.

என் அப்பா வேலுச்சாமி சங்கரன்கோவிலில் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் மலாய் நாட்டில், கிள்ளான் என்ற ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மனைவி சரஸ்வதி இங்கேயே சுங்கை வேயில் பிறந்து வளர்ந்தவள். மாமனாரை அவள் ஒரே ஒரு முறை, அதுவும் பத்து நாள்தான் பார்த்தாள். மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. தாத்தா இறக்கும்போது மூன்று வயது. அவளுக்குத் தாத்தா என்றால் ஹாலில் மாலை போட்ட ஒரு சட்டம். இந்த வைகாசியில் திதி நெருங்கியதும், "வெள்ளிக்கிழமை லீவு போடு தாயி" என்றேன்.

"டியூஷன் இருக்கு ப்பா. நான் வரலன்னா தாத்தா கோச்சுக்குவாரா லா?"

இந்த ஊர்ப் பேச்சு 'லா' போட்டுத்தான் முடியும். கோபித்துக்கொள்ளமாட்டார்தான். அவர் கோபமெல்லாம் எனக்கு வந்துவிட்டது. அன்று கத்தினேன். சரசு வந்து, "ஏங்க, தாத்தாவ இவளுக்குத் தெரியவே தெரியாதுங்க. தெரியாத ஆளுக்கு எப்படி அழுவா?" என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பதில் என் மனைவி கெட்டிக்காரி.

2

அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. வேலை பெர்மிட் புதுப்பிக்க ஏஜெண்டிடம் கொடுத்திருந்தேன். தம்பி காலையில் ஃபோன் செய்தான். பத்து மணிக்கு ஏஜெண்ட் அலுவலகத்தில் நின்றேன். "பாஸ்போர்ட் உள்ள போயிருச்சு பாஸ், நாளைக்கு வரும்" என்றார். நாளைக்கு என்பது ஐந்தாவது நாள் வந்தது. இதில் யாரைத் திட்டி என்ன பயன்? அவரைத் திட்டினேன். கவுண்டரில் இருந்த பெண்ணைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த மலாயில் திட்டியதால் அவளுக்குப் பாதி புரியவில்லை, மீதிக்குச் சிரித்துவிட்டாள். பிறகு நான் அழுவதைப் பார்த்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

தலைப்பிள்ளை நான். கொள்ளி வைத்தது தம்பி. ஃபோனை மேளத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் அறையில் உட்கார்ந்து அந்த மேளத்தைக் கடைசிவரை கேட்டேன். கொட்டு நின்ற பிறகு தம்பி, "அண்ணே, இருக்கியா?" என்றான்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் மறு வருடத்திலிருந்து இல்லத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

3

இல்லம் என்பது கிள்ளானில் நம் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் ஒரு வீடு. பெற்றவர்கள் இல்லாதவர்கள், இருந்தும் அவர்களால் வளர்க்க முடியாதவர்கள், கோர்ட் கொண்டுவந்து விட்டவர்கள் என்று எல்லாம் உண்டு. சில பிள்ளைகளைப் பிறகு வளர்ப்புக் குடும்பங்கள் அழைத்துப் போகும். பதினெட்டு வயதானால் எங்கே இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும்.

இங்குள்ள தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள், கல்யாணநாள், திதி எது வந்தாலும் இப்படி ஒரு இல்லத்துக்கு மதியச் சாப்பாடு போடுவார்கள். திதி என்றால் முதலில் முக்காலியில் இறந்தவர் படம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரு பதிகம் பாடும். பிறகு ஒரு பிள்ளை எழுந்து மைக்கில் நன்றி சொல்லும். சாப்பாடு போட்டவர்கள் ஃபோனில் படம் எடுப்பார்கள். அதன் பிறகுதான் இலையில் கை வைக்கலாம்.

நான் போன முதல் வருடம் ஒரு பிள்ளை, "சாப்பாடு கொடுத்த அங்கிளுக்கு நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு மனசே ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் நான் புலி. கப்பு வாங்காமல் வீடு திரும்பியதில்லை. மறு வருடம் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். "அன்னையின் அரவணைப்பும் தந்தையின் தோளும் இழந்து, திக்கற்று நிற்கும் தாயில்லாப் பிள்ளைகளாகிய எங்களுக்கு, இன்று அன்னமிட்ட தெய்வங்களே!" என்று தொடங்கும். நடுவில் "அமரர் வேலுச்சாமி ஐயா அவர்களின் ஆன்மா" என்று மூன்று இடத்தில் வரும்.

அதைப் பேசியவள் தர்ஷினி. அப்போது ஒன்பது வயது. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. நாடியை உயர்த்து, கையைத் தொங்கவிடு, கடைசி வரிசைக்குக் கேட்கணும் என்று இரண்டு சனிக்கிழமை சொல்லிக் கொடுத்தேன். திதியன்று அந்தப் பிள்ளை வாயிலிருந்து அப்பா பெயர் வந்தது. இந்தத் தேசத்தில் என்னைத் தவிர இன்னொருவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பேச்சு ஹிட். மற்ற வீட்டார் திதிகளுக்கும் பெயரை மட்டும் மாற்றி அதையே பேச வைத்தார்கள். கர்ச்சீப் நனையாத ஆளில்லை. நான்கு வருடம் தர்ஷினி பேசினாள். பதின்மூன்று வயதில் சுங்கை பூலோவில் ஒரு வளர்ப்புக் குடும்பம் அவளை அழைத்துப் போன பிறகு, வேறு பிள்ளைகள் அதே தாளைப் பார்த்துப் பேசினார்கள். என்னை நிர்வாகக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

இந்த வருடத் திதிக்கு மூன்று வாரம் முன்னால் தர்ஷினி ஃபோன் செய்தாள். பத்தொன்பது வயதாகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை. அங்கேயே இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறை.

நான் லிஃப்ட் வேலைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் போன அன்று, அங்கே சாப்பாட்டுக் கடை ஒன்றில் சந்தித்தோம். உட்கார்ந்ததும், "பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்றாள். இங்கே அப்படித்தான் கேட்பார்கள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். இல்லங்களிலும் வளர்ப்பு வீடுகளிலும் வளர்ந்த எட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடுகிறார்களாம். பதினெட்டு முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு ரூம் பிடித்துக் கொடுப்பது, ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளோடு அலுவலகத்துக்குத் துணையாகப் போய் நிற்பது, ஃபாரம் எழுதிக் கொடுப்பது எல்லாம் செய்கிறார்கள். எனக்கு ஒரு ஃபாரத்துக்கே உயிர் போய் உயிர் வரும்.

கடிதம் எங்கள் நிர்வாகக் குழுவுக்கு. இரண்டே இரண்டு கோரிக்கை. சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை நன்றி சொல்ல வைக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இல்லத்தில் வளர்ந்த ஒருவருக்குக் குழுவில் இடம் வேண்டும்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சோறு போட்டவனுக்கு ஒரு நன்றி சொன்னா வாய் தேஞ்சு போகுமா? உனக்குப் பேசக் கத்துக்கொடுத்ததே நான்தான். மறந்து போச்சா?"

"மறக்கல அங்கிள். அதனாலதான் மொத ஆளா உங்ககிட்ட வந்தேன்."

"எங்கப்பாவுக்கு நான் செய்யுறதே வருஷத்துல இந்த ஒரு நாள்தான். அதையும் புடுங்கப் பாக்குறியா?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு அந்தப் பேச்சை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாக, ஒரு சொல் விடாமல். "தாயில்லாப் பிள்ளைகளாகிய எங்களுக்கு" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"நான் இத மொத தடவ சொன்னப்ப எங்கம்மா உயிரோட இருந்தாங்க அங்கிள். ஜெஞ்சாரோம்ல. உடம்பு முடியல, என்னைப் பாத்துக்க ஆளில்ல. அவ்வளவுதான். உயிரோட இருந்த அம்மாவ நான் மைக்ல சாகடிச்சேன். எனக்குப் பதினொன்னு இருக்கும்போது நெசமாவே செத்துட்டாங்க. யாரும் என்னைக் கூட்டிட்டுப் போகல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க. நான் சொல்லிச் சொல்லித்தான் செத்தாங்கன்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருப்பேன் தெரியுமா?"

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் தொடர்ந்து சொன்னாள்.

"உங்கப்பா மூஞ்சி எனக்கு மனப்பாடம். இடது பக்கம் மீச கொஞ்சம் ஏறி இருக்கும், பாக்கெட்ல பேனா. எத்தன வீட்டு தாத்தா, பாட்டி, மாமா மூஞ்சி எனக்குத் தெரியும் தெரியுமா? எங்கம்மா மூஞ்சிதான் மறந்து போச்சு. ஒரு ஃபோட்டோகூட இல்ல."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "இந்த வருஷம் உங்க திதிக்குப் பேசப்போறது காவ்யாவாம். ஏழு வயசு. அவங்கம்மா மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறாங்க. அவளுக்கும் அதே தாளக் குடுத்து ப்ராக்டீஸ் பண்ணச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னால கமிட்டி கூடுது. ஏழு ஓட்டு. உங்களது ஒன்னு."

5

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஃபோன் செய்தேன். எனக்குச் சாதகமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேறு யாரிடம் போவது? "இந்தக் காலத்துப் பிள்ளைக போற போக்கப் பாத்தியால? நன்றி சொல்ல மாட்டாகளாம், படம் எடுக்கக் கூடாதாம். என்ன செய்ய லா" என்றேன்.

"என்னண்ணே லா போடுத?" என்று சிரித்தான். பிறகு கேட்டான்: "படம் எடுக்கியா? எப்ப, பிள்ளைக திங்கும்போதா?"

"அதுக்கு முன்னாடியும் எடுப்பேன். திங்கும்போதும்தான்."

"அப்பா இருந்திருந்தா செருப்பக் கழட்டியிருப்பாரு."

அதற்கு மேல் அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. கடைசி வண்டி முடிந்து டிரைவரையோ கிளீனரையோ அப்பா சாப்பிடக் கூட்டி வருவார். இலையில் சோற்றை வைத்துவிட்டு, எங்களை வாசலுக்கு விரட்டிவிட்டு, தானும் வெளியே வந்து நின்றுகொள்வார். எட்டிப் பார்த்தால் மண்டையில் ஒரு குட்டு. "திங்கவன் வாயப் பாக்காதல." தமிழ்நாட்டில் எந்த வீட்டில்தான் இதைச் சொல்லாமல் பிள்ளை வளர்த்தார்கள்? இத்தனை வருடமாக நான் அவர் பெயரைச் சொல்லி முப்பது வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போதாக்குறைக்குப் படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஃபோனை வைத்த பிறகு பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் ஒன்றும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாக் கண்ணும் இலையில் இருந்தது.

6

கமிட்டி கூடிய அன்று தர்ஷினி ஒரு நீலச் சுடிதாரில் வந்திருந்தாள். கையில் தாள் இல்லை. தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். "குடுக்கிறவங்க மனசு நோகும்மா. நாளைக்கு யாரும் சாப்பாடு போட வரலன்னா, நீங்க எட்டுப் பேர் வந்து சமைப்பீங்களா?"

"ஞாயிறுன்னா வருவோம் சார்" என்றாள். ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாங்க நன்றி கெட்டவங்க இல்ல சார். இந்த வீடு இல்லன்னா நான் இல்ல. சாப்பிட்டு முடிச்சு கை கழுவுறப்ப நாங்களே போய் தேங்க்ஸ் சொல்லுவோம். பசியோட உக்காந்திருக்கும்போது சொல்லச் சொல்லாதீங்க. எங்க கதைய எங்ககிட்ட கேக்காம நீங்களே எழுதிக் குடுக்காதீங்க."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நாடி உயர்ந்திருந்தது, கை தொங்கியிருந்தது, கடைசி வரிசைக்குக் கேட்டது.

தலைவர் என்னைப் பார்த்தார். நீ சொன்னால் அடங்குவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் எழுந்தேன். பேச்சுப்போட்டிப் புலிக்கு நான்கு வரி வருவதற்குள் வேர்த்துவிட்டது. "அந்தப் பேச்ச எழுதினது நான்தான் சார். ஒரு பிள்ளையோட அம்மா இருக்காங்களா இல்லையான்னு விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது. அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுருங்க."

நாலுக்கு மூன்று. முதல் கோரிக்கை தேறியது. குழுவில் இடம் ஒரு வருடத்துக்கு, ஓட்டு இல்லாமல், கேட்டுக்கொண்டு இருக்கலாம் என்றார்கள். எனக்கு மறுபடி சுள்ளென்று ஏறியது. வெளியே வந்து தர்ஷினியிடம், "இது என்ன பிச்ச போடுற மாதிரி?" என்றேன்.

"பரவால்ல அங்கிள். இந்த வருஷம் காது குடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் வாய் கேப்போம்."

மறு மாதமே நலத்துறை அதிகாரிகள் வந்த ஒரு கூட்டத்தில், பதினெட்டு வயதோடு கைவிடாமல் இன்னும் சில வருடம் துணை நிற்க வேண்டும் என்று மலாயில் பேசினாளாம். நான் இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பாகங்களின் பெயரை மட்டும்தான் மலாயில் பிழையில்லாமல் சொல்கிறேன்.

7

திதியன்று அப்பா படத்தை எடுத்துக்கொண்டு போனேன், பழக்கம். வாசலில் நினைவு வந்து வண்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். உள்ளே பிள்ளைகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். பதிகம் இல்லை, மைக் இல்லை. என்ன சத்தம்! ஒருவன் இன்னொருவன் அப்பளத்தைப் பிடுங்குகிறான். இத்தனை வருடத்தில் அந்த ஹாலில் சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை. காவ்யா பாயசம் மூன்று தடவை வாங்கினாள். நான் கஷ்டப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெறுமையாக இருந்தது. செய்தது சரி என்று தெரியும். ஆனாலும் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, அப்பா பெயரைச் சொல்லமாட்டார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

வேலைக்கு லீவு போட்டு வந்து பரிமாறிக்கொண்டிருந்த தர்ஷினி பின்னால் வந்து நின்றாள். "வேலுச்சாமி தாத்தா எங்க? வண்டிலயா?"

தலையாட்டினேன்.

"ஒன்னு கேக்கணும் அங்கிள். செத்த தேதி தெரியலன்னா, அவங்களுக்கு எப்பச் செய்வாங்க?"

அவள் யாருக்காகக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. "ஆடி அமாவாசைக்குச் செய்யலாம்மா. தேதி வேண்டாம்" என்றேன்.

8

ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரையில் நல்ல கூட்டம். நான், சரசு, தர்ஷினி. போகும் வழியில் ஜெஞ்சாரோம் வந்தது. செம்பனைத் தோட்டம் முடியும்வரை தர்ஷினி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். யாழினி வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கார் கிளம்பும்போது ஓடி வந்து ஏறி, தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அக்கா போறாங்கன்னா நானும் வரேன்."

ஐயர் எனக்குத் தர்ப்பணம் செய்துவைத்து முடித்து, "அடுத்து யாரு?" என்றார். தர்ஷினி உட்கார்ந்தாள். அவர் என்னைப் பார்த்தார். "பொம்பளப் பிள்ளையா? ஆம்பள யாரும் இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள். "ஏன் சாமி, பொம்பளப் பிள்ளைக்கு அம்மா கிடையாதா?"

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு எள்ளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "அம்மா பேரச் சொல்லும்மா."

என்னவோ முணுமுணுத்தாள்.

"அலைச் சத்தத்துல கேக்கல. சத்தமாச் சொல்லு."

தர்ஷினி நாடியை உயர்த்தினாள். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில், "அஞ்சலை" என்றாள். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அஞ்சலை" என்று இன்னொரு முறை சொன்னாள். எள்ளும் தண்ணீரும் அவள் விரலிடுக்கில் இறங்கின. யாழினி அவள் துப்பட்டா நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் அப்பாவின் பெயரை அந்தப் பிள்ளை நான்கு வருடம் மைக்கில் சொன்னது. அதன் அம்மாவின் பெயரை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். அதுவரை ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை.